தட்டின் இடது பாதி

சோறு நடுவில் கோடு கிழித்தாற்போல நின்றது. தட்டின் வலது பாதி கழுவி வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. இடது பாதியில் சோறும் அதன்மேல் ஊற்றிய நெத்திலிக் குழம்பும் போட்டது போட்டபடி இருந்தன. அப்பா விரல்களை வழித்துவிட்டு, "போதும்மா" என்று கையை எடுத்துக்கொண்டார். எழுபதுகளின் நடுவில், உப்பு வாரும் பருவம் மும்முரமாக இருந்த சமயத்தில், மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அந்த அலுமினியத் தட்டையும் அதில் மிச்சமிருந்த பாதிச் சோற்றையும் இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். காரணம், அதைப் பார்த்ததும் அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உடம்புக்கு இவ்வளவு வந்தும் அப்பா என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. உப்பளத்திலிருந்து திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தால், தட்டின் ஓரத்தில் ஒரு பிடி சோறு ஒதுக்கிவிட்டுத்தான் அப்பா எழுந்திருப்பார். அது எனக்கு. நான் முழுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தாலும் அந்தப் பிடிக்கு வயிற்றில் இடம் இருக்கும். அம்மா இறந்த பிறகு ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. நான் தாவணி போட்ட பிறகும் நிற்கவில்லை. அண்ணனுக்கு அது ஆகாது. "கட்டிக் குடுக்குற வயசுல இன்னும் அதுக்கு ஊட்டி வுட்டுக்கினு இருக்க" என்று முணுமுணுப்பார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "என் தட்டு, என் சோறு, என் பொண்ணு. உனக்கு இன்னாடா?" என்பார். அண்ணன் வெளியே போய்விடுவார். அந்த வயதில் எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

அப்பா அளத்தில் வேலை பார்த்த ஆள் என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெளுத்து, தடித்து, ஓரமெல்லாம் வெடித்திருக்கும். குரலும் அப்படித்தான், தடித்த குரல். தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜின் ஓடும்போது அதற்கு மேலாகக் கத்திப் பழகியவர் என்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் அவரும் அண்ணனும் கூலிக்கு வருகிறவர்களோடு சேர்ந்து உப்பு வாருவார்கள். நீளக் கம்பு மாட்டிய பலகையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் உப்பு சரசரவென்று வரப்போரம் வந்து சேரும். அந்தச் சத்தத்தோடு அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குத் திண்டிவனத்தில் இடம் கிடைத்தபோது அந்தக் கதையைத் தவிர வேறு கதை பேசவில்லையாம். டீக்கடையில் யாராவது "இன்னா விசேஷம்" என்று சும்மா கேட்டால்கூட, "எம் பொண்ணு டீச்சருக்குப் படிக்குது" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவருக்கு டீ ஆறிப்போகும்.

நான் விடுதியில் இருந்தபோது அவர் பாத்தியில் விழுந்தார். இடது காலும் கையும் சட்டென்று துவண்டு, உப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். செய்தி கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்தபடி பக்கத்துக் கட்டில்காரருக்கு என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து அளத்துக்காரர் ஒருவருக்கு இதே வியாதி வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. அவருக்குக் கையோடு பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் 'பா, பா' என்பார். அவருக்குப் புத்தி போய்விட்டது என்று ஊரே முடிவு கட்டி, அவர் எதிரிலேயே அவருடைய சாவைப் பற்றிப் பேசியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவுக்கோ பேச்சு அப்படியே இருந்தது. ஞாபகம் இருந்தது. கேலி கிண்டல் இருந்தது. தப்பித்தார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்ததும் நிம்மதியாக விடுதிக்குத் திரும்பிப் படிக்கப் போனேன்.

அதன் பிறகு வீட்டில் நடந்தவை எனக்கு வேடிக்கைக் கதைகளாகத்தான் வந்து சேர்ந்தன. அப்பா தானே முகச்சவரம் செய்துகொள்கிறேன் என்று கண்ணாடியை வாங்கி, வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாராம். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாராம். பிடிவாதமாக ஒருநாள் அளத்துக்கு வந்து பலகையைப் பிடித்தவர், பாத்தியில் வலப்பக்கத்து உப்பை மட்டும் இழுத்துவிட்டு, "ஆயிடுச்சு, அடுத்த பாத்திக்குப் போலாம்" என்றாராம். இடப்பக்கம் உப்பு வெள்ளையாக மின்னிக்கொண்டு கிடந்திருக்கிறது. "பெரியவரு பாதிய சாமிக்கு வுட்டுட்டாரு" என்று கூலிக்கு வந்தவர்கள் சிரித்தார்களாம். அந்த மிச்சத்தை அண்ணன்தான் வாரி முடித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வயதான மனுஷன், கொஞ்சம் மறதி, கொஞ்சம் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அண்ணன் விடுதிக்கே வந்து, "அப்பா உன்னப் பாக்கணும்னாரு, கெளம்பு" என்று கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போன பிறகு அண்ணிதான் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலையில் எனக்கு நிச்சயம். மாப்பிள்ளை அண்ணியின் அண்ணன். உப்பு லாரி வைத்திருந்தவர், மூத்த தாரத்தை இழந்தவர், என்னைவிட வயதில் நிறையப் பெரியவர். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். அண்ணியைக் கட்டும்போதே அண்ணன் அவர்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தாராம். அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். "நேத்துதான் சொன்னோம்" என்று சொல்லிவிட்டு அண்ணி குனிந்து அடுப்பை ஊதினார். அவருக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. முகத்தை நிமிர்த்தவேயில்லை.

அன்று சாயங்காலம்தான் அந்தப் பாதித் தட்டு. எனக்கென்று ஒதுக்கிய சோறு என்று நான் அதை எடுக்கக் கையை நீட்டும்போது அண்ணி வந்து தட்டைப் பிடித்து அரைவட்டமாகத் திருப்பி வைத்தார். இடப்பக்கம் இருந்த சோறு வலப்பக்கம் வந்தது. அப்பா அதைப் பார்த்து, "இன்னும் போட்டியாம்மா?" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. நீட்டிய கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். சோறுதானே, போகிறது என்று நினைக்க முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் கோபம் அண்ணியின்மேல் வந்தது. அவர் எதையோ தெரிந்துகொண்டு அப்படிச் செய்தார் என்று தோன்றவே இல்லை.

அப்பாவுக்குத் தரையில் உட்கார வராது என்பதால் கூடத்தில் ஒரு மர நாற்காலி போட்டிருந்தார்கள். மேற்குச் சுவரை ஒட்டியிருந்த அதில் உட்கார்ந்தால் சமையல்கட்டு வாசல் அவருக்கு வலப்பக்கம் இருக்கும். சாப்பிட்ட பிறகு நான் அந்த வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா உடனே பார்த்துவிட்டார். வலது கையை நீட்டி என் தலையைத் தொட்டார். படிப்பை முடிக்க வேண்டும், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இதுக்கு ஏன் அழற? நாளைக்கி அவங்க எதிர உன் வாயால சொல்லு. வேணாம்னு ஒரு வார்த்த வந்துச்சின்னா எவன் வந்தாலும் நான் தட்டு மாத்த மாட்டேன்" என்றார். என்ஜினுக்கு மேலே கத்துகிற அதே குரலில் சொன்னார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அன்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.

காலையில் நாற்காலி இழுபடுகிற சத்தத்தில் விழித்தேன். அண்ணன் அதை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம்தான் காத்து வரும். கூட்டம் சேர்ந்தா அவருக்கு வேர்க்கும்" என்றார். பரவாயில்லை, அப்பாவைக் கவனித்துக்கொள்கிறார் என்று மனதுக்குள் அவருக்கு ஒரு நல்ல பெயர்கூடக் கொடுத்தேன். இப்போது சமையல்கட்டு வாசல் அப்பாவுக்கு இடப்பக்கம் வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது? வாசல் வாசல்தானே.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவை, பூ எல்லாம் வைத்த தட்டுகளை நடுவில் பரப்பினார்கள். என்னை உள்ளேயிருந்து கூட்டிவந்து அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கை நீட்டினால் அவரைத் தொடலாம். அண்ணி தண்ணீர்ச் செம்போடு அவருக்கு வலப்பக்கம் நின்றார். வந்தவர்களில் பெரியவர் ஒருவர் முறைப்படி, "பொண்ண ஒரு வார்த்த கேட்டுடுங்க" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "கேக்காம? எம் பொண்ணு அது வாயால சொல்லட்டும்" என்றார். ஊர் எதிரில் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வது அன்றைக்குச் சாதாரணக் காரியமில்லை. இருந்தும் சொன்னேன். "வேணாம்பா" என்றேன்.

அப்பா முகத்தைத் திருப்பினார். என் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். என் குரல் கேட்ட நொடியில் என்னிடமிருந்து விலகி நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற அண்ணியைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு இன்னா வேணாம்?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியவர் நல்ல கிண்டல்காரர், பெண்ணின் பிகுவை எப்படித் தட்டிவிட்டார் பார் என்று யாரோ சொன்னார்கள். நான் "அப்பா, நான்தாம்பா" என்றேன். அவர் இன்னும் வலப்பக்கமாகத் திரும்பினார். இப்போது எனக்கு அவருடைய காதும் பின்னங்கழுத்தும்தான் தெரிந்தன. அண்ணன் அவருடைய வலது காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அப்பா ஏதோ கேட்டார். அண்ணன் தலையாட்டினார். பிறகு அப்பா முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை வலது கையில் வாங்கினார். இடக்கைக்கு அண்ணன் தன் கையைக் கொடுத்தார். தட்டு மாறிவிட்டது.

எங்கள் ஊரில் பெற்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் கிடையாது. உன்னை நான் கைகழுவிவிட்டேன் என்று அர்த்தம். நல்ல புத்தியோடு, தெளிவான பேச்சோடு, முந்தின சாயங்காலம் தலையைத் தொட்டு வாக்குக் கொடுத்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல், போதாததற்கு என்னைக் கேலியும் செய்துவிட்டு, தட்டு மாற்றினார். அழுதிருந்தால்கூட எனக்கு லேசாகியிருக்கும். அழுகை வரவில்லை. இவ்வளவுதானா நீ என்றுதான் தோன்றியது. திண்டிவனத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. விடுதியில் இருந்த என் தகரப் பெட்டியை அண்ணன்தான் போய் எடுத்து வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்பாவோடு பேசவில்லை. ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆடி அழைக்க அண்ணன் வந்தார், போகவில்லை. தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள், காய்ச்சல் என்று சொன்னேன். அந்த மழைக்காலத்திலேயே, உப்புக் குவியல்கள்மேல் பனை ஓலை வேய்ந்து முடித்த கையோடு, அப்பா இறந்துபோனார். பிணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தட்டு, என் பொண்ணு என்று சொன்ன வாய் மூடியிருந்தது. சுற்றிலும் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு அழ, நான் அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கன்னத்தில் மட்டும் தாடி மண்டிக் கிடந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் வேண்டாம் என்றதை வெறும் பிகு என்று நம்பிக் கட்டிக்கொண்டவர். அடிக்கவில்லை, வையவில்லை, குடித்துவிட்டு வந்து நிற்கவில்லை. ஆனால் நான் டீச்சர் ஆகவில்லை. எங்கள் தெரு வழியாகக் காலையில் குடையும் பையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர்களை நான் ஜன்னலில் நின்று பார்த்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். லாரிகள் வந்தன, விற்றோம். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பின்னங்கழுத்து மட்டும் போகவில்லை. யாராவது தங்கள் அப்பாவைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அப்பா என்ற சொல்லே எனக்கு ஒரு மோசடி மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. இடது கை, இடது கால். பேச்சு போகவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். தேறி உட்கார்ந்த பிறகு முதல் தடவையாகச் சோறு பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் வலது பாதி காலி. இடது பாதியில் சோறு போட்டபடி இருக்கிறது. நடுவில் கோடு கிழித்தாற்போல நிற்கிறது. "இன்னா இவ்ளோ கம்மியா போட்டிருக்க?" என்கிறார். சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே தட்டைப் பிடித்து அரைவட்டமாகத் திருப்பினேன். "இப்பதான் போட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

டாக்டரம்மா சின்னப் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் கையில் பேனாவைக் கொடுத்து, பிடித்ததை வரையச் சொன்னார். இவர் லாரி வரைந்தார். அதில் முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் இல்லை, இடது ஓரம் வெறும் தாளாக நின்றது. "முழுசா வரைஞ்சிட்டீங்களா?" என்றால், "ஓ" என்கிறார். கண்ணில் கோளாறா என்று கேட்டேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. மூளை ரெண்டு பாதியா இருக்கு. ஒரு வீட்டுல ரெண்டு பேர் வேலையப் பிரிச்சுக்கிட்ட மாதிரி. இடது பாதிதான் பெரும்பாலும் பேச்சைப் பாத்துக்குது. எது எங்க இருக்குது, யாரு எந்தப் பக்கம் நிக்கிறாங்க, இதெல்லாம் அதிகமா வலது பாதி கையில. இவருக்கு அடி வலது பாதியில. அதனால இடது பக்கம்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதே இவருக்குத் தோணாது. தோணலங்கறதும் தெரியாது" என்றார். வெளியே போய்ப் பேசுகிற ஆள் நன்றாக இருக்கிறார், அதனால் வீடே நன்றாக இருப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். பேச்சுப் போன அந்தப் பக்கத்து அளத்துக்காரரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு எல்லாம் புரிந்தது, ஊர் அவரைப் பைத்தியம் என்றது. எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் பாதி காணாமல் போயிருந்தது, ஊர் அவரைத் தெளிவானவர் என்றது. பேச்சை வைத்துத்தான் நாங்கள் ஆளை எடை போட்டோம்.

இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. "இடது பக்கம் நின்னு யாராவது கூப்பிட்டா?" என்றேன். "சத்தம் கேக்கும். ஆனா வலது பக்கம் திரும்பித் தேடுவாங்க. அங்க யாரு நிக்கிறாங்களோ அவங்கதான் பேசினாங்கன்னு நினைச்சுப் பதில் சொல்றதும் உண்டு" என்றார். இத்தனை வருஷமாக என்னைக் கைகழுவியதாக நான் நம்பிய மனுஷன் அன்றைக்கு என்னைத் தேடியிருக்கிறார். என் குரலைக் கேட்டுத் தேடி, காணாத இடத்தில் தேடி, நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் தூரமாகத் தேடியிருக்கிறார். டாக்டரம்மா கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னார்: "இது வீட்டுல சோறு போடறவங்களுக்குத்தாம்மா முதல்ல தெரியும்." அந்த வாக்கியத்தோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன். அன்று தட்டைத் திருப்பிய அண்ணி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணன் இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் அண்ணன் பார்க்க வந்தார். கைத்தடி, கண்ணாடி, குனிந்த முதுகு. கட்டிலுக்கு இடப்பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா மச்சான், எப்டி இருக்குது?" என்றார். என் வீட்டுக்காரர் வலப்பக்கச் சுவரைப் பார்த்து, "யாரு?" என்றார். அண்ணனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. யாரும் சொல்லாமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எழுந்தார். அந்த முடியாத உடம்போடு நாற்காலியை இழுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போனார். வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். "நான்தான் மச்சான்" என்றார். இவர் முகம் மலர்ந்து, "அட, எப்ப வந்த?" என்றார். நாற்காலி தரையில் இழுபட்ட அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம். இவருக்குத் தட்டை வைத்துவிட்டு, அண்ணன் கை கழுவப் போன பின்பக்கக் குழாயடிக்கு நானும் போனேன்.

"உனக்கு யாருண்ணே சொன்னா, இவருக்கு இந்தப் பக்கம் தெரியாதுன்னு?"

"பாத்தா தெரிலயா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பாவுக்கும் இதானே?"

அண்ணன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டரு ஒண்ணும் சொல்லல. உங்க அண்ணிதான் மொதல்ல பாத்தா. தட்டத் திருப்புனா சாப்புடுவாரு. அந்தப் பக்கம் யாரு நின்னாலும் அவருக்கு ஆளே இல்ல."

"அதான் நாற்காலிய மாத்திப் போட்டியா? காத்து வரும்னு?"

"நீ அவருகிட்ட அழுததக் கேட்டேன். நீ வேணாம்னா அவரு மாத்த மாட்டாரு. மாத்தலன்னா அவங்க உங்க அண்ணிய அப்பவே வண்டியில ஏத்திக்கினு போயிருப்பாங்க, வயித்துல புள்ளையோட. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"அவரு காதுல இன்னா சொன்ன?"

"பாப்பா உள்ள நிக்குது, வெக்கப்படுது, சரின்னுடுச்சுன்னேன்."

"அவரு ஏதோ கேட்டாரே. நான் பாத்தேன்."

அண்ணன் குழாயை மூடினார். "அது வாயால சொல்லுச்சாடான்னாரு. ஆமாம்பான்னேன்." துண்டைத் தேடுவது போல அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறமும் கேட்டுக்கினேதான் இருந்தாரு. பாப்பா ஏன்டா வரவே மாட்டேங்குதுன்னு. கட்டிக் குடுத்தா அப்டித்தாம்பா, மறந்துடும்னு சொன்னேன்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? டீச்சராகாததையா, தீபாவளிக்குப் போகாததையா, அப்பாவை இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டித் தீர்த்ததையா? வியாதி அப்பாவிடமிருந்து உலகத்தில் பாதியைத்தான் எடுத்தது. அந்தப் பாதியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது என் கூடப் பிறந்தவர். படித்த டாக்டர் ஒன்றும் சொல்லாத அன்றைக்கே, அவருக்கும் அண்ணிக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வைத்து அண்ணி அவருக்கு வயிறு நிறையச் சோறு போட்டார். அண்ணன் தட்டு மாற்ற வைத்தார். மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளேயிருந்து, "இன்னா, சோறு அவ்ளோதானா?" என்று இவர் குரல் கேட்டது. இரண்டு பேரும் உள்ளே போனோம். தட்டில் வலது பாதி காலி. இடது பாதி அப்படியே இருந்தது. வலப்பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்த அண்ணன், பழக்கத்தில், தட்டைத் திருப்பக் கையை நீட்டினார். நடுங்குகிற கைதான், ஆனால் அந்த வேலையை நன்றாக அறிந்த கை.

"வேணாம்ண்ணே" என்றேன்.

நான் இடப்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். இவர் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பி, "இன்னா வேணாம் மச்சான்?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கட்டிலைச் சுற்றி வந்து தட்டைத் திருப்பி வைத்தேன்.